உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடப் போன அனுபவம்: மதுரைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

செல்லூர்க்காரன்:
2022 பிப்ரவரி 19, மாநகராட்சித் தேர்தல். முடிந்துபோன கதையை ஏன் கிளறுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள், ஆனாலும் மனசுக்குள் கிடந்து உறுத்துகிறது. எப்போதும் போடுகிற பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். சட்டமன்றப் பட்டியலைத்தான் எடுத்து வார்டு வாரியாகப் பிரித்து அடிப்பார்கள், அதில் யார் எங்கே போய் விழுவார்கள் என்று சொல்ல முடியாது, உங்களுக்கும் தெரிந்ததுதான். என் பெயர் இருந்தது, எங்கம்மா பெயர் இல்லை. உள்ளே இருந்த தம்பி அடிஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருகிறார், பக்கத்தைத் திருப்புகிறார், மறுபடி முதலிலிருந்து பார்க்கிறார். பின்னால் வரிசை முனக ஆரம்பித்துவிட்டது. கடைசியில் "இந்த பூத்துல இல்லம்மா, வெளியில கேட்டுப் பாருங்க" என்றார். வெளியில் யாரைக் கேட்பது? தெருமுனையில் சேர் போட்டு உட்கார்ந்திருந்த கட்சிக்காரப் பையன் அட்டை நம்பரைப் போனில் தட்டினான். "அம்மாச்சி, உங்களுக்குப் பின்னாடி தெரு ஸ்கூலு, ரெண்டாவது ரூம்பு." அவ்வளவுதான், வேலை முடிந்தது. அம்மா கேட்டது இதுதான்: "ஏன்டா, இந்தப் பயலுக்குத் தெரியிறது உள்ள இருக்குற ஆபீசருக்குத் தெரியாதா?"

அன்றைக்கு மாநகராட்சியில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. வராதவர்களைத் திட்டுகிறோம், சரி. வந்து பெயர் இல்லாமல் திரும்பிப் போனவர்களை யாராவது எண்ணினார்களா?

மேலூர் டீச்சர்:
நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள். 2019 டிசம்பர், ஊராட்சித் தேர்தல், மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். முந்தின நாளே பெட்டி சாமானோடு இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மார்கழிக் குளிரில் பெஞ்சு மேல் படுக்கை, கக்கூஸ் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதை விடுங்கள். கிராமத்தில் ஆளுக்கு நாலு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு ரோஸ், ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். ஒரு பாட்டி மறைப்புக்குள் போய்விட்டு வந்து ரோஸ் சீட்டை மட்டும் பெட்டியில் போட்டார். மற்ற மூன்றையும் மடித்தது மடித்தபடி என் மேசை மேல் வைத்து, "இந்தா தாயி, இதை நீயே வச்சுக்க" என்றார். அதுவும் உங்கள் ஓட்டுதான் பாட்டி என்றேன். "தண்ணி விடுறது பிரசிடெண்டு. மத்தவுக எல்லாம் யாரு, நான் கண்ணாலயே பார்த்ததில்லையே?"

ஏஜெண்டுகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றியக் கவுன்சிலர் எதற்கு, மாவட்டக் கவுன்சிலர் எதற்கு என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அன்றைக்கு நானும் சொல்ல முடியாது, வாசல் வரைக்கும் கூட்டம். எப்படியோ பேசி மூன்றையும் பெட்டியில் போட வைத்தேன். அதில் முத்திரை இருந்ததா, வெறும் சீட்டா, எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

வாடிப்பட்டி விவரம்:
டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம், பேப்பரை ஒழித்து மெஷின் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். 2020 ஜனவரி 2ஆம் தேதி எண்ணிக்கையில் நான் ஏஜெண்டு. நாலு நிறமும் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும், முதலில் நிறம் பிரிக்க வேண்டும், பிறகு ஐம்பது ஐம்பதாகக் கட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் எண்ணவே ஆரம்பிப்பார்கள். விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மடித்த இடத்தில் மை ஒட்டி எதிர்ப்பக்கச் சின்னத்திலும் பதிந்த ஒரு சீட்டுக்கு நடந்த சண்டை இருக்கிறதே!

செல்லூர்க்காரருக்கு ஒரு யோசனை. தேர்தல் அறிவித்த பிறகு பெயரைத் தேடினால் காரியம் ஆகாது. உள்ளாட்சிக்கென்று தனியாக யாரும் பட்டியல் தயாரிப்பதில்லை, நீங்களே சொன்ன மாதிரி சட்டமன்றப் பட்டியல்தான் மூலம், அதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினாலோ பெயர், வயது தப்பாக இருந்தாலோ படிவம் 8. வார்டு பட்டியல் வெளியிட்டதும் நேரில் போய்ப் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுடையதையும் சேர்த்துத்தான். அட்டை தொலைந்தால் பயப்பட வேண்டாம், ஆதார், ஓட்டுநர் உரிமம், 100 நாள் வேலை அட்டை எதையாவது கொண்டு போகலாம், ஆனால் பூத் ஸ்லிப்பை மட்டும் நீட்டினால் அது அடையாளம் ஆகாது. உங்கள் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால் 49பி என்று சொல்லுங்கள், தனிச் சீட்டுக் கொடுப்பார்கள். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், வெயிலும் இருக்காது.

பழங்காநத்தம் வாசி:
விவரம் அண்ணே, 49பி சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கான விதி. ஊராட்சிக்கு 1995இல் தனியாக விதி போட்டிருக்கிறார்கள், அதில் பார்த்துச் சொல்லுங்கள். செல்லூர்க்காரர் அம்மா பெயர் கிடைக்கவில்லை என்று சொல்கிறார், நீங்கள் கள்ள ஓட்டுக்கு மருந்து சொல்கிறீர்கள்.

என் கதை சின்னதுதான். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து தபால் ஓட்டு வாங்கினார்கள், எங்கப்பாவும் கட்டிலில் உட்கார்ந்தபடி போட்டார். பத்து மாதம் கழித்து அதே மனுஷன், அதே முழங்கால், மாநகராட்சித் தேர்தலுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. சக்கர நாற்காலியில் கொண்டு போனேன். சாய்தளம் என்று போட்டிருந்தார்கள், அது இருந்த செங்குத்தில் நாற்காலி பாதியிலேயே பின்னால் சரிந்தது. ஒரு போலீஸ்காரரும் எதிரெதிர் கட்சி ஏஜெண்டுகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பல்லக்கு மாதிரி தூக்கினார்கள். அப்பா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனார். திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தேர்தலுக்குக் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

உசிலை மாப்ள:
மெஷினா பேப்பரா என்று அடித்துக்கொள்கிறீர்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் எல்லாம் 1996இல் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கியதும் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் தெரியாமல் இருக்காது. ஆளே நிற்க விடவில்லை, எப்படியாவது நின்று ஜெயித்தால் பதவியேற்ற கையோடு ராஜினாமா. நான் பக்கத்து ஊர், அப்போது சின்னப் பையன். அப்படி ராஜினாமா செய்த ஒருவரைச் சந்தைக்கடைப் பக்கம் எங்கப்பா கூடப் போகும்போது பார்த்தேன். "தலைவரே, டீ சாப்பிடுங்க" என்று ஒருத்தர் கேலியாகக் கூப்பிட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு மறக்கவில்லை. 2006 அக்டோபரில், உதயசந்திரன் கலெக்டராக இருந்தபோதுதான், ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அப்போது புதிதாக எந்த மெஷினும் வந்துவிடவில்லை. கலெக்டர் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசினார்.

வாடிப்பட்டி விவரம்:
மாப்ள, அது வேறு விஷயம், இது வேறு விஷயம். சாதிப் பிரச்சினைக்கு மெஷின் தீர்வு என்று நான் எங்கே சொன்னேன்?

உசிலை மாப்ள:
"பாதித் தொல்லை" என்று சொன்னீர்கள். மீதிப் பாதியைத்தான் நான் சொன்னேன்.

மேலூர் டீச்சர்:
விவரம் சாருக்கு. நாலு ஓட்டுக்கு நாலு மெஷின் வைத்தாலும் அந்தப் பாட்டி ஒன்றைத்தான் அமுக்குவார், மூன்று மெஷின் அடுத்த ஆளுக்கு விடாமல் நிற்கும். அப்புறம், 2022இல் நகரத்தில் வைத்த மெஷினில் யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் சீட்டுக்கூட கிடையாது, தோற்றவர் சந்தேகப்பட்டால் எதைக் காட்டுவது? பேப்பர் என்றால் எண்ணிக் காட்டலாம். எனக்குக் கேட்டால் முதலில் பட்டியலை எங்கள் கைக்கு ஒரு டேப்லெட்டில் கொடுங்கள், பெயரைத் தட்டித் தேடிவிடுவோம், செல்லூர்க்காரர் அம்மா தெருமுனைக்குப் போக வேண்டியதில்லை. நிறத்துக்கு நிறம் என்ன பதவி, என்ன வேலை என்று ஒரு பெரிய தாளில் படம் போட்டு வாசலில் ஒட்டுங்கள். பெண் ஊழியர்களுக்குத் திறந்த கக்கூஸ். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டாயிற்று, தேர்தல் நடத்த வருகிற பெண்ணுக்கு ஒரு தாழ்ப்பாள் கிடையாது.

செல்லூர்க்காரன்:
டேப்லெட்டுக்கு என் ஓட்டு. ஊராட்சிகளில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார், மாநகராட்சி அடுத்தது. அதற்குள் இதையெல்லாம் எழுதி தேர்தல் ஆணையத்துக்கு ஒரு மனுவாகப் போடலாமா? ஆமாம் டீச்சர், அந்தச் சாவி கடைசியில் யாரிடம் இருந்தது?

மேலூர் டீச்சர்:
சத்துணவு ஆயாவிடம். ஓட்டுப் போட வந்தபோது இடுப்பில் தொங்கியது. மதியம் மூன்று மணி இருக்கும்.