கர்லியின் மனைவிக்கு மட்டும் ஏன் பெயர் இல்லை?

மழைக்காகம்:
ஜான் ஸ்டைன்பெக் 1937இல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’ குறுநாவலை இரண்டாம் முறையாக வாசித்து முடித்தேன். கலிபோர்னியாவின் சோலேடாட் அருகே ஒரு பண்ணையில் நடக்கும் கதை. அங்கே கூலிக்கு வந்து சேரும் ஆண்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பேச்சில் மட்டும் அடிபடும் கிளாரா அத்தைக்கும், விலைமாதர் விடுதி நடத்தும் சூசிக்கும்கூடப் பெயர் இருக்கிறது. பண்ணை முதலாளியின் மகன் கர்லியை மணந்து, கதையையே திருப்பிவிடும் பெண்ணோ கடைசிவரை ‘கர்லியின் மனைவி’தான். இதை ஆசிரியரின் அலட்சியம் என்று கொள்வதா, உத்தி என்று கொள்வதா?

தாழ்வாரம்:
உத்தி என்றே நான் வாசிக்கிறேன். ஏறக்குறைய மேடை நாடகம் போல எழுதப்பட்ட கதை அது. யாருடைய மனத்துக்குள்ளும் ஆசிரியர் அதிகம் நுழைவதில்லை. ஆகவே சிவந்த நகப்பூச்சும் தீக்கோழி இறகு வைத்த செருப்புமாக அவள் வாசலில் வந்து நிற்கும்போது, அந்த ஆண்களுக்குத் தெரியும் அளவே நமக்கும் தெரிகிறது. பிறகு வைக்கோல் கொட்டகையில், சினிமாவில் சேர்த்துவிடுவதாகச் சொன்னவனின் கடிதம் வரவேயில்லை என்றும், அதைத் தன் தாய்தான் எடுத்து ஒளித்திருப்பாள் என்றும் பண்ணைக் கூலியாள் லென்னியிடம் அவள் கொட்டித் தீர்க்கையில், அதுவரை நாம் நம்பிய சித்திரம் கலைந்துபோகிறது. மேடையில் அவளாக நடித்த கிளேர் லூஸுக்கு எழுதிய கடிதத்தில், அவள் உள்ளூர நல்லவள் என்று ஸ்டைன்பெக்கே விளக்கியிருக்கிறார்.

கரிசல்:
நூலுக்கு வெளியே கடிதம் எழுதி விளக்க நேர்ந்ததே ஒரு குறைதானே? அதே 1937இல் வெளியான ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்கு வரும் ஆண்களின் கண் படக் கூடாதென்று, நாயகி ஜேனியின் கூந்தலைத் துணியால் கட்டிவைக்கச் செய்கிறான் கணவன் ஜோ ஸ்டார்க்ஸ். அவன் இறந்ததும் அவள் கண்ணாடி முன் நின்று கூந்தலை அவிழ்த்துப் பார்க்கிறாள்; மறுபடியும் முடிந்துகொண்டு, அதன் பிறகே ஜன்னலைத் திறந்து ஊர் கேட்க அழுகிறாள். அடக்கம் முடிந்த இரவில் அத்தனை தலைத்துணிகளையும் எரித்துவிடுகிறாள். இங்கே யாருடைய கண்வழியாகவும் நாம் அவளை எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நூல்தான் பல ஆண்டுகள் அச்சில் இல்லாமல் கிடந்தது.

மழைக்காகம்:
உத்தி என்பதைப் பாதி ஏற்கிறேன். ஆனாலும் அவள் இறந்து கிடக்கும் இடத்தை இன்று மீண்டும் புரட்டினேன். பண்ணையில் வேலை செய்யும் கேண்டிக் கிழவர் அந்த உடலைப் பார்த்து ஏசுகிறார். அவர் கண்ணில் நீர் வருவது, லென்னி முதலானவர்களோடு சேர்ந்து வாங்கவிருந்த நிலம் கைநழுவியதை எண்ணித்தான். அங்கேயாவது யாரேனும் ஒருவர் அவள் பெயரைச் சொல்லியிருக்கலாம்.