சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார் இருக்கிறாரா?

வணக்கம். பாகூர் பக்கம் தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு, 2011-இல் வந்த ‘தானே’ புயலில் ஓடுகள் பறந்ததோடு பூட்டியதுதான். மண்சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் முற்றத்து ஓரம் தண்ணீர் இறங்கிய இடத்தில் பனங்கை (கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டம்) நுனிகள் விரலால் அழுத்தினாலே பொடியாக உதிர்கின்றன.

சிமெண்ட் பூசச் சொல்கிறார்கள், எனக்குச் சம்மதமில்லை. ஈரம் வெளியேற வழியில்லாமல் மண்சுவர் உப்பிக் கொட்டிவிடும். சுண்ணாம்புக் காரைதான் வேண்டும்.

அப்புறம், பின்கட்டில் ஒரு அறையும் குளியலறையும் சேர்க்க வேண்டும். திண்ணையும் முகப்பும் அப்படியே இருக்கணும், புதுக் கூரை பழையதைவிட உயரக் கூடாது. புதுச் செங்கல் சுவரை மண்சுவரோடு விரிசல் விடாமல் எப்படிச் சேர்ப்பது?

கடலூர், புதுச்சேரி பக்கம் காரை வேலை தெரிந்த கொத்தனார், வைரம் பாய்ந்த பனங்கை, பழைய நாட்டு ஓடு கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்குள் கூரை மூடியாக வேண்டும்.