உப்புவெளிக் கடலில் ஞானஸ்நானம்: ரெண்டாந்தரம் அமிழ்த்தினது சரியா?

வாடைக்காத்து:
திருகோணமலை உப்புவெளியில பார்த்த ஒரு ஞானஸ்நானம் மனசை விட்டுப் போகுதில்லை. பிள்ளையைப் பின்னால சாய்க்க, அலை வந்து தூக்கிப் போட்டுது. பின்மண்டை நனைஞ்சுது, நெத்தி காய்ஞ்சபடி. கரையில நிண்ட ஆச்சி ஒராள் "பாஸ்டர், நெத்தி நனையேல்ல!" எண்டு கத்த, அவர் திரும்பவும் அமிழ்த்தினார். பிள்ளை வாய் நிறைய உப்புத்தண்ணியோட "ஆமென்" சொல்லுது.

பிழை நிண்ட இடத்திலதான். முழங்கால் தண்ணியில சாய்ஞ்சா கால் மிதக்கும், முகம் வெளியில நிக்கும். இடுப்பளவு தண்ணி வேணும். தலை கடல்பக்கம் இருக்கோணும், இல்லாட்டி அலை நேர மூக்குக்குள்ள ஏறும். ஒரு அலை போய் மற்றது வாறதுக்கு இடையில அமிழ்த்தோணும். பாரமான ஆளெண்டா ரெண்டு பேர் பிடியுங்கோ. வெள்ளை உடுப்பு நனைஞ்சா உடம்பு தெரியும், கடும் நிறம் நல்லது. ஷோலை இடுப்பில முடிஞ்சு விடுங்கோ. மார்கழியில கடலுக்குள்ள இறக்கவே வேண்டாம்.

பாலையூற்று:
ரெண்டாந்தரம் எதுக்கு? "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே" எண்டு சொல்லித் தலையில தண்ணி ஓடினாக் காணும். எங்கட கத்தோலிக்கக் கோயில்ல பாஸ்கா இரவில (உயிர்ப்பு ஞாயிறுக்கு முதல்நாள் ராத்திரி) வளந்த ஆக்களுக்கும் மூண்டுதரம் ஊத்தித்தான் குடுக்கினம். வேற சபையில முறையா எடுத்தவர் கத்தோலிக்கத்துக்கு வந்தா திரும்பக் குடுக்கிறேல்ல. விசுவாச அறிக்கை, பாவசங்கீர்த்தனம், உறுதிபூசுதல் (எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்திறது), நற்கருணை, இவ்வளவுதான். ஆனா சான்றிதழ் கேப்பினம். சின்னச் சபைகள் கனக்க அதை எழுதிக் குடுக்கிறேல்ல, பிறகு கோயில்ல கலியாணம் எண்டு வரேக்க இழுபறி.

உரோமர்6:
மூழ்கி எழும்புறது கிறிஸ்துவோட செத்து உயிர்க்கிறது. ஊத்துறதில அது எங்க தெரியுது?

பாலையூற்று:
ஆதிச் சபையின்ர போதனை நூலான திதாக்கேயில 7ம் அதிகாரத்தைப் பாருங்கோ. ஓடுற தண்ணி முதல். அது இல்லாட்டி வேற தண்ணி. ரெண்டும் காணாட்டித் தலையில மூண்டுதரம் ஊத்தலாம். ஆதிச் சபையே ரெண்டுக்கும் இடம் விட்டது, நீங்கள் ஏன் சண்டைக்கு வாறியள்?

மரக்கறிவெள்ளி:
தண்ணி அளவை விடுங்கோ. அந்தப் பிள்ளை ஈர உடுப்பு மாத்தி வீட்ட போன பிறகுதான் விஷயமே தொடங்குது.

வீட்டுக்காரர் சைவமெண்டா, அம்மா சாமிக்குப் பொங்கிப் படைச்சது தட்டில வரும். 1 கொரிந்தியர் 10:27-28 இதுக்குத்தான்: வைச்சதைக் கேள்வி கேட்காமச் சாப்பிடு, படைச்சதெண்டு ஆராவது சொன்னா அவருக்காக விடு. அதுக்காகத் தட்டைத் தள்ளிப்போட்டு எழும்புறதில்லை. சாமியறைப் படத்தில கை வைக்கவே வேண்டாம், அது அம்மாட வீடு. கத்தோலிக்கரெண்டா தவக்கால வெள்ளிக்கு இறைச்சி இல்லை. சைவ வீட்டில வெள்ளி எப்படியும் மரக்கறிதான், தனிச் சமையல் தேவைப்படாது.

பெரிய முட்டு செத்த வீட்டில வரும். மூத்த மகன் கொள்ளி வைக்க மாட்டன் எண்டு அண்டைக்குச் சொன்னா ஊரே திரளும். அப்பா நடமாடித் திரியிறபோதே தம்பியோட, பெறாமகனோட பேசி வையுங்கோ. பாடை தூக்கலாம், பந்தல் போடலாம், எட்டாம் நாள் எட்டுச்செலவுக்குக் காசு குடுக்கலாம். கிரியையில மட்டும் இருக்காம விடலாம்.

வேதம் ஆதியாகமத்தில தொடங்கினா கனபேர் லேவியராகமத்தில நிண்டு போவினம். மாற்கு 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒண்டு. பிறகு லூக்கா. செபம் பத்து நிமிசம், போன் தொட முதல். முதல் கிழமையே ஒரு மணித்தியாலம் எண்டு ஏத்தினா அடுத்த மாதம் ஒண்டும் இராது.

வாடைக்காத்து:
நான் கேட்டது ரெண்டாந்தரம் அமிழ்த்தினதைப் பற்றி 😄 சரி, சான்றிதழில என்னென்ன எழுதோணும்?

பாலையூற்று:
பிறப்புச் சான்றிதழில இருக்கிற அதே பேர், எழுத்துக்கூட்டல் மாறாம. புதுப்பேர் எடுத்தா அதைப் பக்கத்தில. பிறந்த திகதி, தாய் தகப்பன் பேர், ஞானஸ்நானத் திகதி, இடம், குடுத்தவரின்ர கையெழுத்து, சாட்சி ரெண்டு பேர், சபை முத்திரை. எந்த வார்த்தை சொல்லிக் குடுத்ததெண்டும் ஒரு வரி எழுதி வாங்குங்கோ, பங்குத்தந்தை முதல் கேக்கிறது அதைத்தான்.