முதல் உறைபனி: தூத்துக்குடி அத்தையை ஊட்டிக்கு அழைத்து வருகிறேன், யோசனை சொல்லுங்கள்

சிங்காநல்லூர்க்காரன்:

வணக்கம். அடுத்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அத்தையை ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன். அப்பாவின் அக்கா, வயது 67. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாமே தூத்துக்குடி. மாமா உப்பளத்தில் கணக்கு எழுதினார். அவர் போன பிறகு முதல் முறையாக எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்க வந்திருக்கிறார்.

வந்த அன்றே கேட்டது ஒன்றுதான். "ஏல, நான் பொறந்து வளந்தது பனிமய மாதா கோயில் தெருவுல. வருசா வருசம் ஆகஸ்ட் அஞ்சாம் தேதி திருவிழாவுக்கு நிக்கேன். அந்தப் பனி எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது கண்ணால பாக்கணும்லா." மாதாவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான, ரோம் நகரத்தில் கோடையில் பனி பெய்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்.

இந்த வருடம் மழை விட்டதும் நவம்பர் கடைசியிலேயே ஊட்டியில் உறைபனி என்று செய்தி வந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அவருக்கு லேசான மூச்சிழுப்பு உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். முழங்கால் வலியும் உண்டு. தூத்துக்குடியில் மார்கழி மாதத்துக்கே தலையில் துண்டு கட்டுபவர்.

நான் யோசித்திருப்பது: சனிக்கிழமை விடியற்காலை தொட்டபெட்டா, பிறகு தாவரவியல் பூங்கா, படகு இல்லம், பைக்காரா. ஞாயிறு மலை ரயிலில் குன்னூர். சரியா? உறைபனியை எங்கே காட்டலாம்?

மலைரயில்:

மலை ரயிலை மட்டும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து முழுப் பயணம் வேண்டாம். காலை 7.10க்கு ஏறினால் ஊட்டி வந்து சேர மதியம் ஆகும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மடக்கி உட்கார முழங்கால் தாங்காது. ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அதுவே போதும். நீராவி என்ஜினும் பல்சக்கரத் தண்டவாளமும் குன்னூருக்குக் கீழேதான், இந்தப் பகுதியில் டீசல் என்ஜின். ஆனால் லவ்டேல், கேத்தி பக்கம் பள்ளத்தாக்கைப் பார்க்க ஜன்னல் இருக்கை கிடைத்தால் அத்தைக்கு நிறைவாக இருக்கும். முன்பதிவு உடனே பாருங்கள். நவம்பரில் மண்சரிவால் கீழ்ப்பகுதி ரயிலை ரத்து செய்வது வழக்கம் என்பதால் வேறு ஏற்பாடும் வைத்திருங்கள்.

காந்தல்வாசி:

தம்பி, நாற்பது வருஷமாக ஊட்டியில் காந்தல் பகுதியில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே அரை ஏக்கரில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். உறைபனி விழும் இரவு எது, விழாத இரவு எது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், விடியற்காலை தொட்டபெட்டா வேண்டவே வேண்டாம். 2,637 மீட்டர் உயரம் என்பதால் அங்கேதான் பனி அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உறைபனிக்குக் காற்று ஆகாது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்து போகும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் உறைபனி தங்குவது காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம், பூங்காவின் புல்தரை போன்ற தாழ்வான இடங்களில். சிகரத்தில் காற்றுதான் அடிக்கும். இழுப்பு உள்ளவரை ஐந்து மணிக்கு அங்கே நிறுத்தினால் பனியும் பார்க்க மாட்டார், மூச்சும் திணறும். தொட்டபெட்டாவுக்குப் பதினொரு மணிக்கு மேல் வெயிலில் போங்கள்.

இரண்டாவது, அத்தையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: ஊட்டியில் வானத்திலிருந்து பனி பெய்வதில்லை. இங்கே புல்லின் மேலும் இலையின் மேலும் ஈரம் உறைந்து வெள்ளையாகப் படிகிறது. கதையில் கேட்ட மாதிரி பஞ்சு பஞ்சாக விழும் என்று எதிர்பார்த்து வந்தால் மனம் சோர்ந்துவிடும். தரையில் கிடப்பதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து வந்தால் அதுவே அவருக்கு அதிசயம்தான்.

மூன்றாவது, தினமும் எழுப்பாதீர்கள். இரவு பத்து மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிய வேண்டும், மரத்தில் ஓர் இலைகூட அசையக்கூடாது. அப்படி இருந்தால் காலை ஆறு மணிக்கு எழுப்புங்கள். மேகம் மூடியிருந்தால் அது போர்வை மாதிரி, உறைபனி விழாது. நிம்மதியாகத் தூங்கட்டும். போனில் இரண்டு மூன்று டிகிரி என்று காட்டினாலும் பனி கிடக்கும். அந்தக் கணக்கு ஆள் உயரத்துக் காற்றுக்கு, புல்நுனி அதைவிடக் குளிர்ந்திருக்கும்.

இருட்டில் போவதால் லாபம் இல்லை. ஆறரை வாக்கில் வெளிச்சம் வரும்போதுதான் அழகு. எட்டு மணிக்குள் வெயில் பட்ட இடமெல்லாம் உருகிவிடும், மர நிழலில் மட்டும் இன்னும் சற்று நேரம் நிற்கும். காரிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, இறங்கிப் பத்து நிமிஷம் தொட்டுப் பார்த்தால் போதும். கார் கண்ணாடி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்று. காந்தலில் குருசடி திருத்தலம் இருக்கிறது. ஆண்டவரைச் சுமந்த சிலுவையின் சிறு துண்டு அங்கே இருப்பதாக நம்பிக்கை. எங்கெங்கிருந்தோ மக்கள் வருவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள பள்ளமான நிலத்தில் உறைபனி கிடக்கும். பூசை நேரத்தை முந்தின நாளே விசாரித்து வைத்துக்கொண்டு, பனியைப் பார்த்த கையோடு உள்ளே அழைத்துப் போங்கள். மாதாவின் பெயரைச் சொல்லிப் பனி பார்க்க வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஊட்டியில் இல்லை.

உடுப்பு: மொத்தமாக ஒரே ஸ்வெட்டர் வேண்டாம். புடவைக்குள் தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. ஏறும்போது போட்டு, வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூடும் குல்லா கட்டாயம். செருப்பு வேண்டாம். சாக்ஸும் கேன்வாஸ் ஷூவும் போடட்டும், புல்லில் நடந்தால் ஈரம் ஏறும் என்பதால் மாற்றுச் சாக்ஸ் கையில் இருக்கட்டும். இங்கே வந்து வாங்குவதென்றால் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலையே வாங்கிவிடுங்கள்.

படகு இல்லத்தையும் பைக்காராவையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். தண்ணீர்மேல் வரும் காற்று எலும்பைத் துளைக்கும். பைக்காராவை நான் விட்டுவிடுவேன். அதற்குப் பதில் புனித ஸ்டீபன் ஆலயம் பாருங்கள். 1830இல் கட்டியது, உள்ளே உள்ள உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. மதிய நேரம் உட்கார்ந்து பார்க்க நல்ல இடம்.

இ-பாஸ் மறக்க வேண்டாம், 2024 மே முதல் வெளியூர் வண்டிக்குக் கேட்கிறார்கள். தண்ணீருக்கு பிளாஸ்டிக் பாட்டில் கூடாது, ஃபிளாஸ்கில் கொண்டு வாருங்கள்.

இரவுப்பணி_நர்ஸ்:

காந்தல் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அறையில் கரி அடுப்பு வைக்கவே கூடாது.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஒரு விடுதியில் தங்கினோம். குளிர் தாங்கவில்லை என்று அம்மா சொன்னதும், இரும்புச் சட்டியில் கங்கு போட்டு அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். நான் இந்த வேலையில் இருப்பதால் புரிந்தது, கதவைத் திறந்து அம்மாவை வெளியே இழுத்து வந்தேன். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். மலை ஊர்களில் இப்படி இறந்தவர்கள் உண்டு. மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். இல்லையென்றால் கூடுதல் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

அப்புறம், ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. கடலோரத்திலிருந்து வருபவருக்கு முதல் நாள் படி ஏறினாலே மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை ஓய்வு மட்டும் போதும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், மாத்திரையைத் தவற விடக்கூடாது. இன்ஹேலர் பெட்டியில் அல்ல, உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும். வெளியே வரும்போது சால்வையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சு விடச் சொல்லுங்கள். புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிங்காநல்லூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு திரும்பி வந்தோம், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவர் சரி என்றார். வெள்ளிக்கிழமை மதியம் சேர்ந்து, அறையிலேயே இருந்தோம். இரவு பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தேன், மேகம். அத்தையை எழுப்பவில்லை. சனிக்கிழமை அவர் எட்டரை வரை தூங்கினார், "பனி விழுந்துட்டா?" என்று கேட்டபடியே எழுந்தார். அன்று வெயிலில் தொட்டபெட்டா, பிறகு ஸ்டீபன் ஆலயம். அங்கே அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூங்காவில் மலர்ச்செடிகளின் மேல் பனி விழாமல் இருக்க மூடி வைத்திருந்ததைப் பார்த்து, "பிள்ளைக்குப் போத்தி விட்ட மாதிரி" என்றார்.

சனி இரவு வானம் சுத்தம். ஓர் இலை அசையவில்லை. ஞாயிறு ஆறு மணிக்கு எழுப்பினேன். ஏற்கெனவே ஸ்வெட்டர், குல்லாவோடு கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

காந்தலில் ஒரு தோட்டத்து ஓரம் காரை நிறுத்தினேன். அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. பள்ளம் முழுக்க வெள்ளை. அத்தை ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "ஏல, உப்பு பூத்த பாத்தி மாதிரில்லா இருக்கு" என்றார். மாமா போன பிறகு உப்பளத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. குனிய முடியாததால் நான்தான் புல்லோடு பிய்த்துக் கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் உருகியதை நெற்றியில் சிலுவையாகப் போட்டுக்கொண்டார்.

அங்கே ஒருவர் பயிருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று அத்தை கேட்டார். வெயில் பட்டு இலை கருகாமல் இருக்க, பொழுது விடியும் முன்பே பனியைக் கழுவ வேண்டும் என்றார் அவர். குருசடியில் பூசை முடிந்ததும் அத்தை கூடுதலாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். யாருக்கு என்று கேட்டேன். "அந்தத் தோட்டக்காரருக்கு" என்றார்.

பைக்காரா போகவில்லை. குன்னூர் ரயிலில் ஜன்னல் இருக்கை கிடைத்தது. மூச்சுத் திணறல் ஒரு முறைகூட வரவில்லை.

இப்போது ஒரு கேள்வி. தூத்துக்குடியில் இருக்கும் சின்ன அத்தையையும் அழைத்து வந்து காட்டணும் என்கிறார். பொங்கல் கழித்து வந்தால் பனி இருக்குமா?

காந்தல்வாசி:

இருக்கும் தம்பி. ஜனவரியில் இதைவிடக் கடுமையாக விழும், பிப்ரவரி வரை பார்க்கலாம். அந்த மெழுகுவர்த்தியைப் பற்றி வீட்டில் படித்துக் காட்டினேன். இரண்டு அத்தைமாரையும் அழைத்துக்கொண்டு குருசடிக்கு வரும்போது இங்கே ஒரு வார்த்தை எழுதுங்கள். பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் சூடாகச் சுக்குக் காபியும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.