உபயகாரர் பட்டியல்: தூரம் 2 என்றால் ஒரே ஆளா?

கொக்குவில்_குமரன்:
ஊர்க் கோயிலின் உபயகாரர் (திருவிழாச் செலவை ஏற்பவர்கள்) பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறேன். பழைய கொப்பி மூன்று, கையெழுத்தும் மூன்று. ஒரே ஆள் ஒன்றில் 'சுப்ரமணியம்', மற்றதில் 'சுப்பிரமணியம்'. அதனால் லெவன்ஸ்டைன் தூரம் போட்டேன்: ஒரு சொல்லை மற்றதாக்க எத்தனை தடவை சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற கணக்கு. 2 அல்லது குறைவு என்றால் இரண்டையும் இணைத்துவிடும். நன்றாக ஓடுகிறது. இதில் ஏதும் பிழை உண்டா?

வடலி:
'இணைத்துவிடும்' என்ற இடம்தான் பிழை, தம்பி. சிவராசா, தவராசா இரண்டையும் போட்டுப் பாரும்.

கொக்குவில்_குமரன்:
2 வருகிறது. ஐயோ.
ஆனால் அது யூனிகோட் குறிகளை, அதாவது கணினி எழுத்தைச் சேமிக்கும் துண்டுகளை, எண்ணுவதால்தானே, அண்ணை? அங்கே 'சி' என்பது 'ச' ஒன்று, மேலே போடும் விசிறி (ி) ஒன்று. முழு எழுத்தாகப் பிரித்து எண்ணினால் சரிவரும்.

வடலி:
வராது. முழு எழுத்தாக எண்ணினால் சிவராசா–தவராசா 1, உம்முடைய சுப்பிரமணியம் சோடியும் 1. குறியாக எண்ணினால் இரண்டு சோடியும் 2. எந்த எல்லை வைத்தாலும் சேர்ந்தே உள்ளே வரும், சேர்ந்தே வெளியே போகும். லெவன்ஸ்டைன் என்ற கணிதர் 1965இல் எழுதியது பிட்டுகள் (கணினியின் 0, 1) தொலைவதையும் மாறுவதையும் திருத்தும் குறியீடுகள் பற்றி. உபயகாரர் பற்றி அல்ல.
மறுபக்கமும் பாரும். நாங்கள் எழுதுவது ரொறன்ரோ, இந்தியாவில் டொராண்டோ. நாலு எழுத்தில் நாலும் வேறு. (லெவன்ஸ்டைனா லெவன்ஸ்ரைனா என்று இங்கேயே ஒரு சண்டை பிடிக்கலாம்.)

சந்தி_மதவடி:
குறை சொல்வது சுகம். ஆயிரம் பெயரைக் கண்ணால் பார்க்க யார் இருக்கிறார்கள்? முதலில் ர–ற, ன–ண, ல–ள–ழ எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சாவி, அதாவது ஒப்பிட மட்டும் ஒரு சுருக்க வடிவம், உண்டாக்குங்கள், பிறகு தூரம் பாருங்கள். ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு கொடுக்கும் சவுண்டெக்ஸ் முறை ஆங்கிலப் பெயர்களுக்குச் செய்வதும் இந்த மாதிரித்தான். அதற்கு 1918லேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள்.

வடலி:
அப்போது வள்ளியும் வல்லியும் ஒரே ஆள். சரிதானே?

சந்தி_மதவடி:
எத்தனை வல்லியைக் கண்டிருக்கிறீர்கள்?

வடலி:
ஒருவர் போதும். நான் முன்பு வேலை செய்த ஒரு கோயில் பட்டியலில் இப்படித்தான் இரண்டு பெயரை இணைத்துவிட்டேன். ஒருவர் கட்டிய காசுக்கு மற்றவர் பெயரில் பற்றுச்சீட்டு போனது. ஏழாம் திருவிழா யாருடையது என்று ஊரே இரண்டுபட்டது. இரண்டு தரப்பும் என் வீட்டுப் படலையில்தான் வந்து நின்றன.
தேடுவதற்கு உங்கள் சாவி அருமை. தவறான ஆள் வந்தால் கண் தாண்டிப் போகும். இணைத்தால் போன காசைப் பிரிக்க முடியாது.

கொக்குவில்_குமரன்:
அப்போ சாவி, தூரம் இரண்டையும் வைத்துச் சந்தேகச் சோடிகளை மட்டும் வரிசையாகக் காட்டுகிறேன். தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஊர், தொலைபேசி இலக்கம் பக்கத்திலேயே இருக்கும். இணைக்கிற பொத்தானை மனேச்சர் ஐயா அழுத்தட்டும்.

சந்தி_மதவடி:
அவர் எல்லாவற்றுக்கும் 'ஓம்' அழுத்துவார், பாருங்கள்.

வடலி:
அதற்குத்தான் 'பிரி' என்று இன்னொரு பொத்தான். பழைய வரியை அழிக்காமல் வையும், தம்பி.

கொக்குவில்_குமரன்:
சரி அண்ணை. எழுத்தையும் பெரிதாக்க வேண்டும், ஐயாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல்.