14 வயதுப் பெண் ‘ரத்தம் வேண்டாம்’ என்றால்?

வணக்கம். அடுத்த வாரம் நர்சிங் வகுப்பில் நான் பேசவேண்டிய வழக்கு இது. 2006-இல் கனடாவின் மனிடோபாவில், குடலில் ரத்தம் கசிந்த 14 வயதுப் பெண் ரத்தம் ஏற்ற மறுத்தாள். ரத்தம் ஏற்றிக்கொள்வதை மத நம்பிக்கையால் மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். அவளுக்கு விவரம் புரிகிறது என்று மனநல மருத்துவர்களே சொன்னார்கள். ஆனாலும் நீதிமன்ற உத்தரவோடு ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள். நீதிமன்றம் இப்படி உத்தரவிட இடம்தரும் மனிடோபா சட்டம் செல்லும், ஆனால் முதிர்ச்சி கூடக் கூடப் பிள்ளையின் சொல்லுக்கும் எடை கூடவேண்டும் என்றது கனடா உச்ச நீதிமன்றத்தின் 2009 தீர்ப்பு.

சரி, அந்த முதிர்ச்சியை வார்டில் எப்படி அறிவது? பெற்றோர் பக்கத்தில் நிற்கும்போது அது பிள்ளையின் சொந்தச் சொல்தானா? அவள் பிழைத்ததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அந்தக் கட்டிலில் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்ற நினைப்பு விடவில்லை. குழந்தைகள் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்களேன்: பிள்ளையிடம் தனியாக எப்படிப் பேசுவீர்கள், முதலில் என்ன கேட்பீர்கள்?