டெபியனில் ஒரு எடிட்டரில் மட்டும் தமிழ் வரவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்) போட்டுக் கொடுத்திருக்கிறேன். டெஸ்க்டாப் க்னோம், சாளரங்களைத் திரையில் காட்டுவது வேலண்ட் செஷன். தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், எம்17என் மென்பொருள்களை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தாயிற்று. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் அருமையாகத் தட்டச்சு செய்ய முடிகிறது. ஆனால் அவர் தினமும் குறிப்பு எழுதும் எடிட்டர் க்யூடி என்ற நிரலாக்கக் கருவித்தொகுப்பில் எழுதப்பட்டது. அதில் மட்டும் தமிழுக்கு மாற்றினாலும் ஆங்கில எழுத்துதான் விழுகிறது.

வேலண்டுக்குப் பதில் பழைய முறையான எக்ஸ்11 செஷனில் நுழைந்தால் சரியாக வருகிறது. ஆனால் இரண்டு திரைகளுக்கும் வெவ்வேறு ஸ்கேலிங் (எழுத்து, ஐகான்களின் அளவு) தேவை, அதற்கு வேலண்ட்தான் வசதி.

க்யூடி_ஐஎம்_மாட்யூல் என்ற சூழல் மாறிக்கு (செயலிகள் தொடங்கும்போது பார்க்கும் அமைப்பு) ஐபஸ் என்று மதிப்பு கொடுத்து, டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதினேன். டெர்மினலிலிருந்து எடிட்டரைத் திறந்தால் தமிழ் வருகிறது! ஐகானை அழுத்தித் திறந்தால் வருவதில்லை. ஐகான் வழியாகத் திறக்கும்போது பாஷ்ஆர்சி படிக்கப்படுவதில்லை என்பது வரை புரிகிறது.

அப்படியானால் அந்த வரியை எங்கே எழுதுவது சரி? ஈடிசி அடைவிலுள்ள என்விரான்மென்ட் கோப்பிலா, ஹோம் அடைவின் கான்ஃபிக்கில் என்விரான்மென்ட்.டி உள்ளேயா? க்யூடி போன்ற இன்னொரு கருவித்தொகுப்பான ஜிடிகேயில் எழுதிய செயலிகளுக்கும் இதுபோல் மாறி தேவையா, அல்லது நன்றாக ஓடுவதைத் தொடாமல் விடுவதே நல்லதா? வேலண்டில் தமிழ்99 பயன்படுத்துபவர்கள் உங்கள் அமைப்பைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். அப்பா இப்போது ஒவ்வொரு பத்தியையும் லிப்ரே ஆபீஸில் அடித்து எடிட்டரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.